இரண்டு எபினேசர்கள்

எங்கள் கிளினிக் பெரம்பூரில்,
கிரைண்டர் ரிப்பேர் கடைக்கு மேலே,
பதினேழு படி.
மூச்சு வாங்கி ஏறி வருகிறவரின்
மூச்சைக் கேட்டே
பாதி நோயை எழுதிவிடுவார் டாக்டர் வத்சலா.

அது ஐப்பசி. தெருவெல்லாம் காய்ச்சல்.
டோக்கன் ஐம்பதைத் தாண்டியிருந்தது,
மின்சாரம் போய் எமர்ஜென்சி விளக்கு
தன் கடைசிச் சொட்டில் இருந்தது.
"எபினேசர்" என்றேன்.
ஒருவர் எழுந்து வந்தார்.
திரைக்குப் பின்னால் போய்
சுவர் பார்த்துப் படுத்தார்.
இடுப்பில் வேட்டியை விரலளவு தளர்த்தினார்.
ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை.
இங்கே யாரும் கேட்பதில்லை.
படு என்றால் படுப்பார்கள்,
திரும்பு என்றால் திரும்புவார்கள்.

இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை
பென்சிலின் போட்டுக்கொள்ள வருகிற எபினேசர்
நாற்பது வயது, இதய வால்வில் கோளாறு.
பிரஷர் பார்க்க வருகிற எபினேசருக்கு
ஐம்பத்தொன்று.
லோகோ ஒர்க்ஸில் ஒரே ஷெட்,
இனிஷியலும் ஒன்றே.
முதுகைப் பார்த்து வயது சொல்ல
அன்று எனக்கு வெளிச்சம் போதவில்லை.
இல்லை, வெளிச்சத்தின் மேல் பழி போடக்கூடாது.
நான் சீட்டைப் பார்க்கவில்லை.

ஸ்பிரிட் பஞ்சு வைத்துத் துடைத்தாயிற்று.
ஊசிமுனைக்கும் தோலுக்கும்
அரை அங்குலம்.

வெளியே பெஞ்சிலிருந்து ஒரு குரல்,
இருமல் மருந்துக்குக் காத்திருந்த
மீன்காரி கஸ்தூரி:
"எம்மா, ஊசிக்காரரு கீழ டீ குடிச்சிகினு கீறாரு.
உள்ள படுத்துகினு கீறது யாரு?"

மஞ்சள் சீட்டைத் திருப்பினேன்.
சிவப்பு மையில், என் கையெழுத்திலேயே:
பென்சிலின் ஆகாது.

அவர் இன்னும் சுவரைப் பார்த்தே கிடந்தார்.
"போட்டாச்சா?" என்றார்.
வலிக்கவே இல்லையே என்று
பாராட்டும் தொனி.

டாக்டர் என்னைத் திட்டவில்லை.
திட்டியிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.
வெளியே போய் நின்று
அத்தனை பேரிடமும் சொன்னார்:
இப்போது இங்கே ஒரு தவறு நடக்கப் பார்த்தது,
இந்த அம்மா தடுத்தார்கள்.
இரண்டு பேர் எழுந்து
எதிர்ச்சாரி ஏசி கிளினிக்குக்குப் போனார்கள்.
அங்கே தவறே நடப்பதில்லை.
நடந்ததாக எவரும் சொன்னதில்லை.

மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கினார்,
முப்பத்தைந்து ரூபாய்.
முதல் பக்கத்தில் என் அரை அங்குலம்.
அடுத்து, அவரே எழுதியது:
"சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தும்
வலி மாத்திரை எழுதினேன்.
மருந்துக்கடை ரியாஸ் போன் செய்தார்."
பிறகு, தடுப்பூசி ஃபிரிட்ஜில் பால் பாக்கெட் வைத்த நாள்.
பிறகு, கழுவின தரையில்
ஈரப் பலகை வைக்காத நாள்.
மாசக் கடைசியில் படித்துப் பார்க்கிறோம்.
படித்த அன்று இரவு
எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இப்போது எவர் வந்தாலும் கேட்கிறேன்,
பேர், அப்பா பேர், தெரு,
எந்த மருந்து ஆகாது.
"பத்து வருஷமா வர்றேன், என்னைத் தெரியாதா?"
என்று முகம் சுளிக்கிறார்கள்.
தெரியும்.
அதனால்தான் கேட்கிறேன்.

எபினேசர் மாதாமாதம் வருகிறார்.
பதினேழாம் படியிலேயே தொடங்கிவிடுகிறார்,
ஷெட்டில் பேர் கொடுப்பதுபோல்:
"டி. எபினேசர், அப்பா தேவசகாயம்,
மூணாவது தெரு, மஞ்சச் சீட்டு,
பென்சிலின் ஆவாது, சிஸ்டர்!"
பெஞ்சு சிரிக்கிறது.

நானும் சிரித்துக்கொண்டே
சீட்டை வாங்கி, விளக்கடியில் பிடித்து,
கேட்கிறேன்:
உங்க பேர் என்ன?