தகரக் கணக்கு

தகரம் ஒன்றுக்கு நாற்பது ரூபாய் கூலி.
ஆணி கான்ட்ராக்டருடையது, சுத்தியல் என்னுடையது.
கொருக்குப்பேட்டை ஹவுசிங் போர்டில்
அந்த ஜூன் மாதம் மட்டும்
நூற்றுப் பதினொரு கதவு.

குறுக்கே வைத்து நாலு மூலைக்கு நாலு ஆணி.
பால் பாக்கெட் நுழையக் கீழே ஒரு சாண் விடலாம்.
பாதிப் பேர் உள்ளேயிருந்து திட்டுவார்கள்.
மீதிப் பேர் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.
திட்டுகிறவர்கள் பரவாயில்லை.

சானிட்டரி இன்ஸ்பெக்டர் சந்திரகாசன்
ஒவ்வொரு வாசலிலும் நின்று வாசிப்பார்:
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றேழாம் வருடச் சட்டம்,
மீறினால் இன்ன பிரிவு, இன்ன தண்டனை.
பாதி வார்த்தை மாஸ்க்குக்குள்ளேயே நின்றுவிடும்.
"பிளேக் வந்தப்போ வெள்ளைக்காரன் போட்டது"
என்றார் ஒருநாள், டீயை ஊதிக்கொண்டே.
அப்போதும் எவனோ ஆணி அடித்திருப்பான்.
அவன் ராத்திரி எப்படித் தூங்கினான் என்று
எந்தப் பிரிவிலும் இல்லை.

ஆறடி தள்ளி நில் என்று கத்திக்கொண்டு போகும் ஆட்டோ.
பத்துக்குப் பத்து அறை, ஏழு பேர்.
படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
மூலைக்கு ஒருத்தர், நடுவில் ஒருத்தர், அஞ்சு ஆச்சு.
மிச்சம் ரெண்டு பேரை வெளியே நிறுத்தினால்
போலீஸ் வரும்.

சி பிளாக், மூணாவது மாடி, புஷ்பலீலா.
காசிமேட்டில் இறால் உரிக்கிறவள்.
ஸ்டான்லிக்குப் போன புருஷன் திரும்பவில்லை.
மூலக்கொத்தளத்தில் இறக்கியதை
மச்சினன் செல்போனில் காட்டினானாம்.
"தல எந்தப் பக்கம், காலு எந்தப் பக்கம்னே தெர்ல"
என்று மட்டும் சொன்னாள்.

நான் போனபோது கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.
முகத்துக்கு நேராகத் தகரத்தைத் தூக்கக் கை வரவில்லை.
"அடி நைனா, உன் வேல அது."
மூணாவது ஆணி வளைந்தது.
நிமிர்த்தி அடித்தேன்.

தினமும் பதினோரு மணிக்கு அவளுக்கு போன் வரும்.
பக்கத்துக் கதவில் இருந்தால் எனக்கும் கேட்கும்.
கவுன்சிலிங் பெண், சின்னக் குரல், ஸ்பீக்கரில்.
சாப்ட்டீங்களா, தூக்கம் வருதா,
மனசு எவ்ளோ பாரமா இருக்கு,
ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க.
"அஞ்சுக்கு மேல இல்லியா கண்ணு?"
அந்தப் பக்கம் பேச்சில்லை.
பட்டியலை எங்கோ வைத்துவிட்டவள் போல
"நானும் தூங்கலக்கா" என்றது குரல்.

எனக்கும் படுத்தால் காதுக்குள் தகரம் அதிரும்.
வீட்டில் தட்டை நங்கென்று வைத்தால்
தோள் தூக்கிப்போடும்.
என்னை யாரும் போனில் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ரெண்டு என்று சொல்லியிருப்பேன்.
பொய்தான்.

பதினாலாம் நாள் பிரிக்கப் போனேன்.
பிரித்தால் இருபது ரூபாய்.
மூணு ஆணி வந்துவிட்டது.
நாலாவதில் குறடு வைத்தபோது உள்ளேயிருந்து,
"இருக்கட்டும் நைனா."

"கெடு முட்ஞ்சிச்சிக்கா. நெகட்டிவ்னு எய்திட்டாங்கோ."

"தெரியும்."

கொஞ்ச நேரம் குடத்தில் தண்ணீர் சொட்டியது.

"தகரம் கீதுன்னு யாரும் வர்ல.
அத்த எட்த்துட்டா,
இன்னாத்துக்கு வர்லன்னு நான் யோசிக்கணும்."

குறடை இடுப்பில் செருகிக்கொண்டேன்.
ஒற்றை ஆணியில் தகரம் சாய்ந்து தொங்கியது.
உள்ளேயிருந்து ஒரு விரலால் தள்ளினாலும் விலகும்.
தள்ளாவிட்டால் அப்படியே நிற்கும்.

மாசக் கடைசியில் சந்திரகாசன் நோட்டில் எழுதினார்:
அடித்தது நூற்றுப் பதினொன்று, பிரித்தது நூற்றுப் பதினொன்று.
கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கினேன்.
என் கணக்கில்
நூற்றுப் பத்தே முக்கால்.