இருநூற்று நாற்பது கிராம் தலைக்கனம்

நவம்பர். நான்கு மணிக்கே இருட்டிவிடும் வூச் நகரத்தில்
டிராம் நிறுத்தத்துக்கு எதிர்க்கடையில்
ஹெட்போன் விற்கிறேன்.
கமிஷன் மூன்று சதவீதம்.

ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே பிடித்து நின்றார்.
சட்டையில் கழற்ற மறந்த அட்டை:
பொகுமிவா, கேஸ் கம்பெனி, புகார்ப் பிரிவு.

"இருநூறு ஸ்வோட்டி. மேலே ஒரு காசு கிடையாது.
ஒயர் இருக்கட்டும், சார்ஜ் போட இன்னொரு ஜீவன் வேண்டாம்.
போட்டுக்கொண்டு தெருவில் திரிய இல்லை,
வீட்டுக்கு."

வழக்கம்போல் பளபளக்கும் கறுப்பை எடுத்தேன்.
"பேஸ் அடித்தால் பல் ஆடும்" என்றேன்.
"பல் டாக்டருக்குக் கொடுக்க என்னிடம் பணமில்லை."

கண்ணாடியைக் கழற்றி
இடது காதை விளக்கடியில் காட்டினார்.
மடலின் உச்சியில் சிவந்து தடித்த ஒரு கோடு.
ஒற்றைக்காது ஹெட்செட்,
எட்டு மணி நேரம், ஒன்பது வருஷம்.
மீட்டர் பொய் சொல்கிறது என்பவர்கள்,
குழந்தை குளிரில் கிடக்கிறது என்பவர்கள்,
பெயரைச் சொன்னதும் அம்மாவை இழுப்பவர்கள்.

"ஒரு காதில் வாங்கி மறு காதில் விடு என்கிறார் மேனேஜர்.
வாங்குகிற காதுக்குத்தான் சம்பளம்.
விடுகிற காது சும்மா கிடக்கிறது."

பிறகு சொன்னார்:
"காதை மூட வேண்டும்.
காதைத் தொடக் கூடாது."

எங்கள் விலைப்பட்டியலில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது.

கறுப்பையே மாட்டிவிட்டுப் பாட்டைத் தேடினேன்.
கை காட்டித் தடுத்தார்.
"ஒன்றும் போடாதீர்கள். அரை மணி நேரம் இருக்கட்டும்.
கடைக்குள் எல்லாச் செருப்பும் பொருந்தும்."

ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.
எதிலும் செருகாத ஒயர்
மடியில் சுருண்டிருந்தது.

பதினோராம் நிமிடம் கறுப்பு வந்தது:
கண்ணாடிக் காம்பு பொட்டில் கடிக்கிறதாம்.
அடுத்தது செயற்கைத் தோல். பத்தொன்பதில் வந்தது,
கன்னமெல்லாம் வியர்வை.
மூன்றாவது,
பார்வைக்கு வைத்த சாம்பல் நிறம்,
பெட்டி தொலைந்தது, வெல்வெட் மெத்தை,
யாரும் இரண்டாவது முறை கேட்காதது.
தலைக்கனம் இருநூற்று நாற்பது கிராம்.

நாற்பது நிமிடம் வரவில்லை.

இடையில் வந்த மாணவன் ஒருவன்
"அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?" என்றான்.
"கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றேன்.
பொய்யென்று சொல்ல முடியாது.

காது குத்திப் பிழைப்பவன்தான் நான்,
அன்றைக்கு என்னவோ உண்மை வந்தது:
"இதன் முதுகு திறந்தது. சத்தம் வெளியே கசியும்.
சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கலாம்."
"அந்தப் பக்கம் ஸெனோன்.
வாரம் தவறாமல் எங்களுக்குத்தான் போன் செய்து கத்துவார்,
எடுப்பது நான் என்று தெரியாது.
கேட்கட்டும்."

விலை இருநூற்று இருபத்தொன்பது.
பெட்டி இல்லாததற்கு முப்பதைக் கழித்தேன்,
என் மூன்று சதவீதமும் அதோடு போயிற்று.
மிச்சம் ஒரு ஸ்வோட்டியை
எண்ணியே வாங்கிக்கொண்டார்.

"வீட்டில் என்ன கேட்பீர்கள்?"

"சமையல் நிகழ்ச்சி. நான் சமைக்க மாட்டேன்.
யாரோ வெங்காயம் நறுக்குகிற சத்தம்,
எண்ணெயில் அது விழுகிற சத்தம்.
அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை."

குடையை விட்டுவிட்டுப் போய்,
திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
அதே ஸ்பீக்கர் பெட்டியில் உட்கார்ந்தேன்.
கறுப்பை மாட்டினேன்.
ஒன்றும் போடவில்லை.
இருபது பேருக்காவது விற்றிருப்பேன் இதை.
எனக்கும் கண்ணாடி உண்டு.

ஒன்பதாம் நிமிடமே கடித்தது.

விலையட்டையின் பின்பக்கம்
பென்சிலால் 9 என்று எழுதினேன்.
முதலாளி கேட்டால்
கையிருப்பு எண்ணிக்கை என்று சொல்லிக்கொள்ளலாம்.