யானைவெடிக்காரன் கேட்ட கதை

நாளுக்கு நாலாயிரம். சாப்பாடு அவர்களுடையது.
என் வேலை முன்னால் நடப்பது,
கையில் மூன்று வெடி, பையில் ஆறு.
பின்னால் ஏழு பேர், எல்லாரிடமும் ஒரே புத்தகம்,
ஒன்றுக்கு அட்டையே இல்லை, சாக்கு நூலால் கட்டியிருந்தது.

"நாவல் நடக்கிற இடமெல்லாம் நடந்து பார்க்கிறோம் தம்பி"
என்றார் குணரெத்தினம் ஐயா,
நில அளவையில் பென்சன் எடுத்தவர்.
இந்தப் பக்கம் காவல்தான் ஐயா நடக்கும் என்றேன்.
ஒருத்தரும் சிரிக்கவில்லை.

தாந்தாமலை அடிவாரத்தில் முதலாவது இருப்பு.
ஏறாவூர் ஜெஸீமா டீச்சர் வாசித்தார்.
நாற்பதாம் அத்தியாயம்.
தங்கப்பிள்ளை என்று ஒருத்தி,
நான் தேத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் செத்துப்போனாள்.
ஏழு பேரும் தலை குனிந்திருந்தார்கள்.
எனக்கு ஒன்றும் வரவில்லை.
முகம் தெரியாத சாவு.
காற்றைப் பார்த்தேன், கிழக்கே இருந்து வந்தது.
எழும்புங்கோ, வெயில் ஏறுது என்றேன்.

கதை பக்க ஒழுங்கில் வரவில்லை,
நிலம் வருகிற ஒழுங்கில் வந்தது.
வெட்டு முடிந்த வட்டை, வரம்பில் வரிசையாக இருந்து
இருபத்தேழு.
போடியார் நீட்டிய கடதாசியில் அவள்
பெருவிரல் வைக்கிறாள். மூன்று ஏக்கர்.
வைக்காதே புள்ள என்று வாய்க்குள் சொன்னேன்.
காலையில் வெறுங்கையோடு செத்தவள் அல்லவா,
இவர்களுக்கு முந்தியே எனக்குத் தெரிந்திருந்தது.
அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பின்னேரம் பற்றைக்குள் தனியன் ஒன்று.
காது விரிந்ததும் ஒரு வெடி போட்டேன்.
ஏழு பேரும் குந்தி
புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள்,
யானை காகிதத்துக்குப் பயப்படும் என்பதுபோல.
களுவாஞ்சிக்குடிச் சோடி மட்டும்
ஒரு பிரதிக்குக் கீழே இரண்டு தலை.

இரவு பள்ளிக்கூட விறாந்தை.
நுளம்புச் சுருள் எரிந்து முடியும் வரை
அவளுக்கு எத்தனை வயது என்று
விரல் மடித்துப் பார்த்தேன்.
இரண்டு அத்தியாயத்தை வைத்து
ஒரு மனிசியின் வயதை எண்ண முடியாது.

மறுநாள் வாய்க்காலடியில் பன்னிரண்டு.
அறுவடைக்குள் நோவு கண்டு
மருத மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கிறாள்.
மரம் இடப்பக்கம் என்று புத்தகம்.
இடப்பக்கம் மரமே இல்லை,
எழுதியவருக்குத் திசை தெரியாது என்றார் ஐயா.
அப்போதுதான் நான் வாய் திறந்தேன்:
நின்றது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் சாய்ந்தது.
அப்பா அறுத்துக் கதவு போட்டார்.
நேற்று அந்தக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வந்தேன்.
ஐயா ஓரத்தில் பென்சிலால் எதையோ எழுதினார்.
பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டேன்.
"அது பதின்மூன்றில், இந்த நடையில் வராது."

மண்முனைக்கு வர நாலரை.
பாலத்துக்குக் கீழே பழைய துறை.
பாலம் வருமுன் இதில் ஓடியது பாதை.
எங்களுக்குப் பாதை என்றால் மிதக்கிற சாமான்,
இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர்.
அதன் கதைதான் முதலாம் அத்தியாயம்.

தங்கப்பிள்ளைக்குப் பதினேழு.
பாதை கரையை விட்டுக் கிளம்பி முழம் தள்ளியாயிற்று.
ஓடி வருகிறாள், தலையில் பெட்டி,
பாய்கிறாள்.
பெட்டிக்குள்ளிருந்து ஒரு நண்டு தப்பி
சைக்கிள்களுக்கு நடுவே ஓடுகிறது.
அதைத் துரத்திக்கொண்டே சிரிக்கிறாள்.
டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டார்.

வாவிக்கு முகத்தைக் கொடுத்து நின்றேன்.
நேற்றே வரவேண்டிய கண்ணீர்
இரண்டு நாள் பிந்தி, நண்டுக்குப் பின்னால் வந்தது.

"மேகராசா, இதை வைச்சிருங்கோ,
முதல்ல இருந்து ஒழுங்கா வாசியுங்கோ."
சாக்கு நூல் கட்டியதை நீட்டினார்.
வேணாம் டீச்சர் என்றேன்.
"ஏன்?"
அவ இப்பதானே ஏறியிருக்கா.

அலுவலகத்தில் மிச்ச வெடி எட்டு, ஒப்படைத்தேன்.
பாவித்த ஒன்றுக்குக் காரணம் கேட்டு
படிவத்தில் ஒரு கட்டம்.
தனி யானை என்று எழுதினேன்.
திகதி, ஒப்பம்.
பெருவிரல் வைக்கிறவர்களுக்குப் பக்கத்தில்
தனியே ஒரு பெட்டி கீறியிருந்தது.
வெறுமையாகத்தான் கிடந்தது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.