அறை 214

எங்கள் கடற்கரையின் பெயர்
செய்தியில் அடிபட்ட வாரமே
ஜெர்மன் விமானங்கள் நின்றன.
பிறகு மற்றவர்களும்.
மாஹ்தியாவில் அந்தக் கோடையில்
கடல் மட்டும்தான் விடுப்பு எடுக்கவில்லை.

நீச்சல்குளத்தை வடித்தபோது அடியில்
ஒரு மூக்குக்கண்ணாடி, மூன்று யூரோ,
ஒரு பால்பல்.
பல்லை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.
யாராவது கேட்டு வரலாம்.

அறைகள் காலி. சம்பளம் அரை.
பிறகு அரையிலும் அரை.
காலி அறைக்கும் தினம் தண்ணீர் திறந்துவிட வேண்டும்,
இல்லையென்றால் குழாய் நாறும்.
ஆள் படுக்காத விரிப்பை எதற்கு மாற்றுகிறாய் என்றான்
வாடகைக் காரை விற்றுவிட்டு வந்த என் கணவன் லஸ்ஹர்.
தூசி முன்பதிவு செய்துகொண்டா வருகிறது, என்றேன்.

தலைநகரிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.
சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் படம் காட்டினார்கள்:
மீட்சித் திட்டம், ஐந்து கட்டம்,
மல்லிகையும் அலையும் சேர்ந்த புதுச் சின்னம்.
இங்கே உண்மையில் என்ன குறை, என்று
இளைஞன் ஒருவன் எங்களைப் பார்த்துக் கேட்டான்.
வடிகால், என்றாள் மொன்ஜியா.
எல்லாரும் சிரித்தோம்.
அவன் எழுதிக்கொண்டான்.

அடுத்த ஆண்டு உள்நாட்டாருக்குப் பாதி விலை.
கைரவானிலிருந்து, கஃப்சாவிலிருந்து
கார் டிக்கியில் குக்கரும்
தர்ப்பூசணியும் ஹரிஸ்ஸா பாட்டிலுமாக வந்தார்கள்.
வரவேற்பில் பையன் பழக்கதோஷத்தில்
பிரெஞ்சில் தொடங்கி, பாதியில் நாக்கைக் கடித்தான்.
துண்டை மடித்து நான் செய்துவைத்த அன்னத்தை
ஒரு பெண் கலைக்கவே இல்லை.
மூன்று நாளும் தன் முந்தானையில் துவட்டிக்கொண்டாள்.
அவளிடம் போய் என்ன சொல்வது?
பத்தொன்பது வருடத்தில்
அந்தப் பறவைக்கு வலிக்குமென்று நினைத்தவள்
அவள் ஒருத்திதான்.

பருவம் முடிந்ததும் மேலாளர் ரிதா கூப்பிட்டார்.
இரண்டு மாத பாக்கிக்கு இப்போது பணமில்லை,
வேண்டுமானால் இரண்டு இரவு
விருந்தாளியாகத் தங்கிக்கொள்.
லஸ்ஹர் வரமாட்டேன் என்றான்.
நான் 214 கேட்டேன்.

செருப்பைக் கழற்றி, சரியாக வைத்து,
மறுபடி எடுத்துத் தாறுமாறாகப் போட்டேன்.
படுத்தேன்.
இந்தக் கட்டிலில் எத்தனை ஆயிரம் முறை குனிந்திருப்பேன்,
படுத்ததில்லை.

கடல் வெளிச்சம் சாய்ந்து ஏறியபோது
கூரையில் அது தெரிந்தது.
ஈரக் கறை. ஒட்டகம் மாதிரி, திமிலோடு.
வருடங்களுக்கு முன் ஒரு டெட்மர் அம்மாள்
இதைத்தான் புகாராக எழுதியிருந்தார்.
கதவருகே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு
பொய், என்று கையெழுத்திட்டவள் நான்.

காலையில் படிவம் வாங்கினேன்.
பெயர்: ஹெதியா.
நாடு: இதே நாடு.
குறை: கூரையில் ஒட்டகம்.
ரிதா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு,
நீ தினம் துடைக்கிற அறைதானே,
இத்தனை நாள் தெரியவில்லையா, என்றார்.

நின்றால் தெரியாது ஐயா.
படுத்துப் பார்க்க வேண்டும்.