எழுபது எழுத்து

சிரில்லிக் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு
எழுபது இடம்தான்.
இடைவெளியும் ஓர் எழுத்தென்றே கணக்கு.
எழுபத்தொன்றாவதுக்கு
அலுவலகம் இன்னொரு கட்டணம் கட்ட வேண்டும்.
கட்டாது.

அல்தாய் நகரம், நான்காவது மாடி, இரவுப் பணி.
சன்னலுக்கு வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
திரையில் மாகாணம் முழுக்கச் சதுரம் சதுரமாய்.
ஒரு சதுரம் ஐந்து கிலோமீட்டர்;
செயற்கைக்கோள் அதற்கு ஒரே நிறம்தான் தரும்.
ஐந்து கிலோமீட்டரில் எத்தனை குழி, எத்தனை மேடு,
காற்று பனியை வழித்துக்கொண்டு போன
எத்தனை சரிவு!
எல்லாம் சேர்ந்து ஒரு சிவப்பு.

போன ஜனவரியில்
சுருங்கச் சொல்லத் தெரியும் என்ற கர்வம்
எனக்கு இருந்தது.
"வடக்கே கடும்பனி. ஊலென் பள்ளத்தாக்குக்கு நகர்க."
இடம் மிச்சம்கூட இருந்தது.
ஆயிரத்து இருநூறு கைபேசிகள்
தோல்மேலங்கிகளுக்குள் ஒரே நேரத்தில் அதிர்ந்தன.
அன்று வரைபடத்தில் பச்சையாக இருந்தது
அந்த ஒரு பள்ளத்தாக்குதான்.

நான்கே நாள்.
இருநூற்றுப் பத்துக் குடும்பம்.
ஆடுகள் புல்லைத் தின்றன, பிறகு வேரை,
பிறகு ஒன்றின் ரோமத்தை ஒன்று.
எங்கள் கணிப்பில் பிழையில்லை:
சொன்ன இடத்தில் சொன்ன அளவு விழுந்தது பனி.
ஆண்டறிக்கையில் எங்களுக்கு நல்ல மதிப்பெண்.
பச்சைச் சதுரம் எப்போது பழுப்பாகும் என்று
எங்களை யாரும் கேட்டிருக்கவில்லை.

மார்ச்சில் ஒரு தொலைபேசி.
துலாம்சூரன் என்று பெயர் சொன்னாள்.
"அந்தச் செய்தியை எழுதுகிறது நீதானே?"
ஆமாம்.
"நூற்றெண்பது உருப்படி போயிற்று."
திட்டவில்லை. எண்ணை எண்ணாகவே சொன்னாள்.
காற்றிரைச்சலுக்கு நடுவே கேட்டாள்:
"எனக்குச் சொன்னதை
இன்னும் எத்தனை பேருக்குச் சொன்னாய்?"
சொன்னேன்.
"அதை மட்டும் எழுதியிருந்தால்
நான் கிளம்பியே இருக்கமாட்டேன்."

இந்தக் குளிர்காலம்
'நகர்க' என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.
இயக்குநருக்குப் பிடிக்கவில்லை:
"அவர்களுக்கு வேண்டியது முடிவு, விவரமல்ல."
அவர் ஆடு மேய்த்ததில்லை. நானும்தான்.
பத்ஹுயாக் இரண்டு இரவு உட்கார்ந்து
ஆறிப்போன பூஸைத் தின்றுகொண்டே நிரல் எழுதினான்.
பனியின் ஆழம், வைக்கோல் விலை,
எத்தனை குடும்பம் அங்கே போயிருக்கிறது.
கிளம்புகிறவர்கள் ஒன்றை அழுத்தினால் போதும்,
எண்ணிக்கை தானாக ஏறும்.

ஏறியது.
டிசம்பர் பாதியிலேயே ஊலெனில் அறுபத்தொன்று.
கால்நடை மருத்துவர் மோட்டார் சைக்கிளில் போய்
கூடாரப் புகையை எண்ணிவிட்டு வந்தார்:
முப்பத்தெட்டு.
மீதி இருபத்துமூன்று பேர்
வீட்டில் உட்கார்ந்தபடியே ஒன்றை அழுத்தியவர்கள்.
பள்ளத்தாக்கு நிரம்பிவிட்டதென்று
மற்றவர்கள் நம்பட்டும் என்று.

பத்ஹுயாக் சிரித்தான்,
பிறகு நிரலில் எங்கே ஓட்டை என்று தேடத் தொடங்கினான்.
ஓட்டை நிரலில் இல்லை.
நான் இரண்டு எண்ணையும் அனுப்பினேன்:
"சொன்னது 61. பார்த்தது 38."
எது மெய்யென்று எழுத இடமிருந்தது. எழுதவில்லை.

நேற்று விடியும் நேரம்
திரையின் வடமேற்கு மூலையில் ஒரு சதுரம்
மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது.
அதைச் சுற்றி எட்டுச் சதுரம், எட்டும் சிவப்பு.
தொண்ணூறு குடும்பம் எங்கே போவதென்று தெரியாமல்
என் அடுத்த எழுபது எழுத்துக்குக் காத்திருந்தது.
அப்போதுதான் அவளிடமிருந்து ஒரு செய்தி.
ஒன்று அல்ல, எழுத்துகள்:

"என் சரிவில் பனி நிற்கவில்லை. புல் தெரிகிறது.
யாரிடமும் சொல்லாதே."

எண்ணிப் பார்த்தேன், பழக்கம்.
எழுபதுக்குள் அடங்கியிருந்தாள்.

விரல் விசைமேல் இருக்கிறது.
மேலே, செயற்கைக்கோள் அடுத்த சுற்றுக்கு வருகிறது;
அதற்கு அந்தச் சதுரம் இன்னும் சிவப்பு.