கம்பி பிடிக்காதவன்

கல்லட்டி இறக்கத்தில் முப்பத்தாறு வளைவு.
ஒன்றில்கூடக் கம்பியைப் பிடித்ததில்லை நான்.
ஒரு கையில் டிக்கெட் கட்டு,
விரலிடுக்கில் மடித்த பத்து ரூபாய்த் தாள்கள்,
பல்லில் விசில்.
பஸ் சாயும் முன்பே
இடுப்புக்குத் தெரிந்துவிடும்.

இப்போது
கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே
பதினோரு அடி.
ஒரு நிலைப்படி.
அங்கே நின்று
இடது பாதத்தைக் கண்ணால் பார்த்து
எழும்பச் சொல்கிறேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு எழும்புகிறது,
சில்லறை தேடும் பயணிபோல.

கூடலூரிலிருந்து ஷெரின் வருகிறாள்,
செவ்வாயும் வெள்ளியும்.
"சட்டுனு திரும்பாதீங்க சேட்டா,
கடிகார முள் மாதிரி
சின்னச் சின்னதா வைங்க."
வைக்கிறேன்.
பன்னிரண்டிலிருந்து மூன்றுக்கு வர
ஒரு குக்கர் விசில் ஆகிறது.

பேன்ட்டை உட்கார்ந்துதான் போட வேண்டும்.
முதலில் ஆகாத கால்.
அப்படிச் சொல்லாதே என்கிறாள் ரத்னா.
சரி, முதலில் இடது.

மேல் தட்டில் டீத்தூள் டப்பா.
எட்டினால் தரை சாய்கிறது.
சாயவில்லை, தெரியும்.
தலைகுந்தாவில் எந்தத் தரைதான் மட்டம் என்று
அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று விடியலில் உறைபனி
வாசலில் உப்பாகக் கிடந்தது.
அடுப்பு மேடையில் இரண்டு விரல் வைத்து நின்றேன்.
பிறகு ஒரு விரல்.
பிறகு
கீழே முதல் பஸ் கியர் மாற்றும் சத்தம்.
இடுப்பு தானாக, பழைய பக்கம்,
லேசாக வளைந்து கொடுத்தது.

எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு வரை.
எட்டில் மேடையைப் பிடித்தேன்.
பால் பொங்கி வழிந்திருந்தது.