ஒருவருக்குப் போதுமான அளவு

மறியல் வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்:
தீபாவளிக்கு ஒருவர் வரலாம்,
ஒருவருக்குப் போதுமான உணவு கொண்டுவரலாம்.

ஒருவருக்குப் போதுமானது எவ்வளவு?
பத்தொன்பது வருசம் சமைத்தும் எனக்குத் தெரியாது.
கை இரண்டு சுண்டுக்குப் பழகிவிட்டது.

விடிய மழை. டச்சுக்குடா கறுத்துக் கிடந்தது.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று
வரிசையில் எங்களோடு நனைந்தபடி நின்று
யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றது.
அதனிடம் மட்டும் அடையாள அட்டை கேட்கவில்லை.

உள்ளே மேசையில் ஒரு காவலர்
என் பயத்தம் பணியாரங்களை
ஒவ்வொன்றாய்ப் பிட்டுப் பார்த்தார்.
சோற்றுக்குள் கரண்டியை விட்டுத் துழாவினார்.
கோபம் வந்தது. பிறகு நினைத்தேன்,
நானும் இவரை ஒரு வருசமாய்
இப்படித்தான் பிட்டுப் பிட்டுப் பார்க்கிறேன்,
எதை ஒளித்து வைத்திருந்தார் என்று.
பயறுதான். எப்போதும்போலப் பயறும் சர்க்கரையும்.

போன தீபாவளிக்கு அடுத்த கிழமை
தண்ணீர்க் குழாய்ச் சண்டையில்
பக்கத்து வீட்டு மரியநாயகத்தை
மண்வெட்டிப் பிடியால் அடித்தார்.
அடித்தார் என்றுதான் சொன்னேன்.
பொலிசில் ஒருவர் வட்ட வட்ட எழுத்தில் எழுதினார்,
அரைத் தமிழில் வாசித்தும் காட்டினார்.
‘பிறகு அழுதார்’ என்றும் சொன்னேனே,
அது அந்தத் தாளில் இருக்கிறதோ தெரியாது.
கீழே இருக்கிற கையெழுத்து என்னுடையது.

பொண்டாட்டி சொல்லுற கதையோ இது
என்று அவருடைய அக்கா கேட்டா.
பிணைக்கு நிற்க ஒருவரும் வரவில்லை,
கேள்விக்கு மட்டும் எல்லாரும் வந்தார்கள்.
அன்பு கண்ணை மூடிக்கொள்ளுமாம்.
என்னுடையதுக்கு இமை கொஞ்சம் கட்டை.

பாலையூற்றில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு வழக்கம்:
தீபாவளிக்கு என் தட்டு வேலி தாண்டிப் போகும்,
நத்தாருக்குக் கேக்குத் துண்டுகளோடு திரும்பி வரும்.
வெறும் தட்டைத் திருப்பக்கூடாது,
ஒரு கை சீனியாவது வைக்கவேண்டும்.
கலியாணத்துக்கு வந்த தட்டு.
‘தவேந்திரன் நளாயினி’ என்று
புள்ளி புள்ளியாய்ப் பொறித்தது.
கதையில் வரும் நளாயினி புருசனைக் கூடையில் சுமந்தாள்.
எனக்கு இந்தச் சோற்றுப் பார்சலே கை உளைகிறது.

அந்த நத்தாருக்குத் தட்டு வரவில்லை.
மரியநாயகத்துக்கு இரண்டு விரல் மடங்காது,
மகன்தான் பாலன் குடில் கட்டினான்.
நட்சத்திரக் கூடு ஒரு பக்கம் சரிந்து
தை பிறந்த பிறகும் தொங்கியது.

இருபத்துமூன்று தவணை.
வைத்திய அறிக்கை வரவில்லை.
சட்டத்தரணி வரவில்லை.
ஒருமுறை நீதவானே வரவில்லை.
பிலோமினாவும் நானும் எல்லாவற்றுக்கும் வந்தோம்,
ஒரே வாங்கின் இரண்டு நுனியிலும் இருந்து
ஒரே மின்விசிறியைப் பார்த்தோம்.
போன தவணையில் பைக்குள் கை விட்டு
அந்தத் தட்டை எடுத்து நீட்டினா.
புளி போட்டுத் தேய்த்திருந்தது.
என் முகம் தெரிகிற அளவுக்கு வெறுமை.

இன்றைக்கு அவர் பிட்ட துண்டுகளை
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கித் தின்றார்.
மெலிந்துபோனார். காதுக்குப் பின்னால் நரை.
வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
“தட்டுக் குடுத்தனீயோ?” என்றார்.
எந்தத் தட்டென்று நான் கேட்கவில்லை.
எந்த முகத்தோட, என்றேன்.
கடைசித் துண்டை வாயில் போடாமல்
கையிலேயே வைத்திருந்தார், மணி அடிக்கும்வரை.

வீட்டில் இன்னும் பதினேழு பணியாரம் கிடக்கிறது.
கணக்குப் பிழைத்துவிட்டது, அல்லது
கை தன் பழைய கணக்கைத்தான் போட்டிருக்கிறது.
தட்டில் அடுக்கி மூடி வைத்திருக்கிறேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது,
பிலோமினா இருமுவது கேட்கிறது.
மழை விட்டதும் போவம் என்று இருக்கிறேன்.
ஐப்பசி மழை. விடுகிற மாதிரி இல்லை.